‘விடு’ என்றால் என்ன?

அநியாயம் நடந்தது பாண்டீஸ்வரிக்கு. செய்தவர் குற்றாலிங்கம் சார். இரண்டே எழுத்தில் ஒரு சொல்லைச் சொல்லி அவள் வேலையைப் போகவைத்துவிட்டு, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு கமிட்டியே உட்கார்ந்து கேட்டபோது மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு மழுப்பிவிட்டார். அவ்வளவுதான் அக்கா. இதற்கு மேல் பேச எனக்குத் தெம்பில்லை.

ஆனால் நீங்கள் கேட்டுவிட்டீர்கள். தென்காசியில் பஸ் ஏறியதிலிருந்து ஏன் இப்படிப் பெருமூச்சு விடுகிறாய் என்று கேட்டதோடு, கொய்யாப்பழத்தில் பாதியையும் கொடுத்துவிட்டீர்கள். இனிச் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது. நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில்தானே இறங்க வேண்டும்? அதற்குள் முடித்துவிடுவேன். எனக்கும் எத்தனை பேரிடம்தான் சொல்வது என்று அலுத்துப்போய்விட்டது.

என் பெயர் யாழரசி. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன், வாய்மொழித் தேர்வு மட்டும் பாக்கி. அதில் எனக்குப் பயமில்லை. கல்லூரிப் பட்டிமன்றத்தில் எந்த அணியில் போட்டாலும் ஜெயிப்பேன். நடுவர்களே, “போதும்மா, ஒத்துக்கிறோம்” என்று மணியை அடித்துவிடுவார்கள்.

பாண்டீஸ்வரி எனக்குத் தோழி. சாத்தூர்க்காரி. அதிகம் பேசமாட்டாள். அதனால்தான் அவளுக்காக நான் பேச வேண்டியிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் குற்றாலிங்கம் சார் நடத்திய ஆராய்ச்சியில் இருந்தோம். எங்கள் பல்கலைக்கழகமும் ஒரு பாதுகாப்பு ஆய்வகமும் சேர்ந்து செய்த வேலை. அவர் ஆய்வகத்து விஞ்ஞானி. நான் பல்கலைக்கழகத்து ஆள். பாண்டீஸ்வரி ஆய்வகத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தாள்.

என்ன வேலை என்று கேட்கிறீர்களா? ராணுவத்துக்கு ஒரு வண்டி. எட்டுச் சக்கர லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் ஏவுகணைப் பெட்டிகள், உச்சியில் சுற்றுகிற ரேடார், அதன் பக்கத்தில் ஒரு கேமரா. தாக்க வருகிற எல்லாமே மேகத்துக்கு மேலே வருவதில்லை அக்கா. பனைமர உயரத்தில் பதுங்கிப் பதுங்கி வருகிற ஹெலிகாப்டர் இருக்கிறது, ட்ரோன் இருக்கிறது. தூரத்துக்கென்று செய்த பெரிய ஏவுகணை அதைக் கண்டுபிடிப்பதற்குள் அது வந்து வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். அதனால் படை நகரும்போது கூடவே நகர வேண்டும், கண்டதும் நிற்க வேண்டும், சுட வேண்டும், அடுத்த நிமிஷம் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. அதற்குத்தான் இது. வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர் ஒன்று அதற்கு உண்டு. நாங்கள் ‘வண்டி’ என்றுதான் சொல்வோம். “வண்டி சாப்ட்டுச்சா?” என்றால் பாட்டரி ஏறிவிட்டதா என்று அர்த்தம். “வண்டி முழிச்சிருக்கா?” என்றால் கேமரா ஓடுகிறதா என்று.

என் பங்கு அந்தக் கேமரா. அது பார்ப்பது விமானமா பறவையா என்று சொல்கிற மென்பொருளை நான் எழுதினேன். சிரிக்காதீர்கள். தாழப் பறக்கும்போது ரேடாருக்கு இரண்டும் ஒரே மாதிரி ஒரு புள்ளிதான். அதற்காகப் பழவேற்காட்டில் போய் வெயிலில் உட்கார்ந்து நாரை, கடற்காகம், பருந்து என்று ஆயிரக்கணக்கில் படம் பிடித்தோம். படகுக்காரர் ஒருவர் தினமும் வந்து, “ஏன் பாப்பா, கவர்மெண்ட்டு உங்கள காக்கா எண்ண அனுப்பிச்சிருக்கா?” என்று கேட்டுவிட்டுப் போவார். பாண்டீஸ்வரி, “ஆமாண்ணே, ரேஷன் கார்டு குடுக்கப் போறோம்” என்பாள். அவள் பேசினால் அப்படி ஒரு வரிதான்.

அவள் பங்கு ஏவும் பலகை. திரையில் நான் போடுகிற கட்டம் மஞ்சளாக இருந்தால் சந்தேகம், பச்சையானால் விமானம். பச்சையானதும் சார் கட்டளை சொல்ல வேண்டும். கட்டளை வந்ததும் அவள் பொத்தானை அமுக்க வேண்டும்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

விதிப்படி கட்டளை ஆங்கிலத்தில்தான். ‘ஃபயர்’ என்றால் ஏவு, ‘ஹோல்டு’ என்றால் நிறுத்து. வேறு எதற்கும் பொத்தானைத் தொடக் கூடாது. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டு அறையில் ஏசி பாதி நாள் ஓடாமல், காதில் ஹெட்போன் வியர்த்துக்கொண்டு, மாதக்கணக்கில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தால் ஆங்கிலமா வரும்? எல்லோரும் ஒரே லைனில்தான் பேசுவோம். ஒருவர் பேசுவது மற்ற எல்லோருக்கும் கேட்கும். முதலில் தமிழில் ஆரம்பித்தது யார் என்று கமிட்டியில்கூடக் கேட்டார்கள். நான்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் என்ன? வாதம் என்று வந்தால் அவரவர் தாய்மொழியில்தான் வரும். அதைத் தடுக்க எந்த விதிக்கும் உரிமையில்லை.

சார் தென்காசிக்காரர். ஒத்திகையின்போது ‘ஃபயர்’ என்று அவர் சொல்லி நான் கேட்டது குறைவு. கட்டம் பச்சையானதும், “ம்ம், விடு” என்பார். பாண்டீஸ்வரி அமுக்குவாள். பெட்டியில் ஏவுகணை இருக்காது, ஒரு விளக்கு மட்டும் எரியும். சாத்தூர்ப் பக்கம் பட்டாசு ஊர் இல்லையா? ராக்கெட்டை ‘விடு’ என்பதைத் தவிர வேறு எப்படியும் சொல்லி அவள் கேட்டிருக்க மாட்டாள். அவளுக்கு அது ‘ஃபயர்’ஐவிடத் தெளிவான ஆங்கிலம்.

என்னிடமும் அவர் அதே சொல்லைத்தான் சொல்வார், வேறு மாதிரி. எங்களுக்குள் ஒரு வாதம் ஓடிக்கொண்டே இருந்தது. கட்டம் எப்போது பச்சையாக வேண்டும்? தொண்ணூறு விழுக்காடு உறுதி வந்தால்தான் பச்சை என்பது அவர் கட்சி. எண்பது போதும் என்பது என் கட்சி. தொண்ணூறு வரும்வரை காத்திருந்தால் எதிரி நம் தலைமேல் வந்துவிடுவான் என்று படம் போட்டுக் காட்டினேன். சாப்பிடும்போது சொன்னேன், வேனில் போகும்போது சொன்னேன், அவர் மகள் கல்யாண வரவேற்பில்கூடப் பந்தியில் எதிரே உட்கார்ந்து சொன்னேன். ஒருநாள் அவரே களைத்துப்போய், “சரிம்மா, எண்பதே வச்சுக்கோ. விடு” என்றார். என் வாதத்தின் பலம் அப்படி.

பாண்டீஸ்வரி அன்று ராத்திரி மெஸ்ஸில் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள். “ஏண்டி, அவரு ஒத்துக்கிட்டாரா, ஓஞ்சு போயிட்டாரா?”

“ரெண்டும் ஒண்ணுதான்” என்றேன். பட்டிமன்றத்தில் இரண்டும் ஒன்றுதான் அக்கா.

பிறகு நிஜச் சோதனை. ஒரு கடற்கரைத் தளத்துக்கு வண்டியை ரயிலேற்றிக்கொண்டு போனோம். இரண்டு முறை மழையில் தள்ளிப்போனது. ராணுவத்திலிருந்து பெரிய அதிகாரிகள் வந்து ஷாமியானாவுக்குக் கீழே டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்துவிட்டார்கள். வண்டியில் ஆள் கிடையாது. சற்றுத் தள்ளிப் பதுங்கறை மாதிரி ஓர் அறையில் நாங்கள் மூன்று பேர். ஆளில்லாத குட்டி விமானம் ஒன்று கடல் பக்கத்திலிருந்து தாழ்வாக வரும். அதை வண்டி பார்க்க வேண்டும், நாங்கள் ஏவ வேண்டும். இவ்வளவு வருஷ உழைப்பும் அந்த ஒரு வரவுக்காகத்தான்.

திரையில் புள்ளி வந்தது. கட்டம் மஞ்சள். பச்சை. மறுபடி மஞ்சள். கொஞ்சம் தடுமாறியது, அவ்வளவுதான். புதிய இடம், புதிய காற்று, யாருக்குமே ஒரு தடுமாற்றம் இருக்கத்தானே செய்யும்? உடனே சார் லைனில், “தொண்ணூறுக்கு மாத்தும்மா” என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள். பேசி முடித்த விஷயம். அவரே ஒத்துக்கொண்ட விஷயம். அதிகாரிகள் வந்ததும் பயந்துபோய்க் கட்சி மாறுகிறார். நான் விடுவேனா?

“சார், அது நாம பேசி முடிச்சது சார்” என்றேன்.

“மாத்தும்மா மொதல்ல.”

“காரணம் சொல்லுங்க சார், மாத்தறேன். எண்பதுக்கு என்ன குறைச்சல்? போன வாரம் நீங்கதானே...”

“அப்புறம் பேசலாம்...”

“அப்புறம்னா எப்ப சார்? இப்ப மாத்திட்டா அப்புறம் எண்பதைப் பத்திப் பேச என்ன இருக்கு? கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

அந்தச் சமயம் கட்டம் பச்சையானது. சார் சொன்னார், “விடு...”

பாண்டீஸ்வரி அமுக்கிவிட்டாள்.

‘விடு’வுக்குப் பின்னாலும் சார் ஏதோ சொன்னார். ஆனால் அதற்குள் அறையில் எல்லோரும் கத்திவிட்டோம். வெளியே நெருப்பும் புகையுமாக வண்டி குலுங்கியது. ஏவுகணை பெட்டியை உடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. என்ன அழகாகப் போனது தெரியுமா? அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. போன திசையில்தான் விமானம் இல்லை.

பச்சைக் கட்டத்துக்குள் அப்போது இருந்தது ஒரு கடற்பருந்து என்று பிறகு தெரிந்தது. இறக்கையை அடிக்காமல், ஆடாமல் அசையாமல், நேர்கோட்டில் விமானம் மாதிரியே மிதந்து வந்திருக்கிறது. எண்பத்தொரு விழுக்காடு. ஒரு பருந்து அப்படிப் பறந்தால் அது என் மென்பொருளின் பிழையா, பருந்தின் பிழையா? பருந்து ஒதுங்கிக்கொண்டது. ஏவுகணை தேடிப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல், கடலுக்கு மேலே தன்னைத்தானே வெடித்துக்கொண்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இலக்கு விமானம் மட்டும், பாவம், எதுவும் தெரியாமல் சொன்ன நேரத்துக்கு வந்து, எங்கள் தலைக்கு மேலே ஒரு வட்டமடித்துவிட்டுத் திரும்பிப் போனது. ஷாமியானாவில் ஒருவர் பழக்கதோஷத்தில் கைகூடத் தட்டினார்.

சொக்கம்பட்டி போய்விட்டதா? சரி, நேரம் இருக்கிறது.

கமிட்டி போட்டார்கள். தலைவர் குல்கர்னி என்று ஒரு மராட்டிக்காரர். உறுப்பினர்களில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர், ஸ்ரீவத்ஸன், அந்தோணிராஜ். ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார்கள். அதில் முக்கால்வாசி என் குரல்தான். நான் எவ்வளவு பொறுப்பாக வேலை பார்த்தேன் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. ‘தொழில்நுட்ப விவாதம்’ என்று ஒரே சொல்லில் குறித்துக்கொண்டு தாண்டிவிட்டார்கள். கட்டளை எங்கே என்றுதான் தேடினார்கள். ‘ஃபயர்’ இல்லை. ‘ஹோல்டு’ இல்லை. இருந்தது அந்த ஒரு சொல்.

குல்கர்னி ஆங்கிலத்தில் கேட்டார். “விடு என்றால் என்ன?”

ஸ்ரீவத்ஸன், “வேண்டாம், நிறுத்து என்று அர்த்தம் சார்” என்றார்.

அந்தோணிராஜ், “ஏவு என்றும் அர்த்தம் சார்” என்றார்.

“எது சரி?”

“ரெண்டும் சார்” என்றார்கள் இருவரும்.

குல்கர்னி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “போகச் சொல்வதற்கும் போகாதே என்பதற்கும் ஒரே சொல்லா? இதை வைத்துக்கொண்டு உங்கள் ராஜாக்கள் எப்படி ஐயா போர் நடத்தினார்கள்?”

என்னால் பொறுக்க முடியவில்லை. யாரும் கூப்பிடாமலே எழுந்து நின்றேன். அம்பு விடு, பட்டம் விடு, கப்பல் விடு, ராக்கெட் விடு, இதெல்லாம் ஏவுவது. கையை விடு, ஆளை விடு, பேச்சை விடு, இதெல்லாம் நிறுத்துவது. எதைப் பார்த்துச் சொல்கிறோம் என்பதில்தான் பொருள் இருக்கிறது, ஏவும் பலகையில் கை வைத்திருக்கிற பெண்ணிடம் சொன்னால் அதற்கு ஏவு என்பதைத் தவிர வேறு பொருளே இருக்க முடியாது என்று அடித்துச் சொன்னேன். இலக்கணத்தோடு சொன்னேன். குல்கர்னிக்கே தலை ஆடியது. உடனே அவர் சார் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“யாரைப் பார்த்துச் சொன்னீர்கள்?”

பாருங்கள், எவ்வளவு எளிமையான கேள்வி. ‘பாண்டீஸ்வரியிடம் சொன்னேன், ஏவு என்றுதான் சொன்னேன்’ என்று ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் அவர் பெயருக்கு ஒரு கறுப்புப் புள்ளி விழும்தான். ஆனால் ஓய்வுபெறப் போகிற மனிதருக்கு அது பெரிய நஷ்டமா? பாண்டீஸ்வரி தப்பித்திருப்பாள். அந்த ஆய்வகத்திலேயே நிரந்தர விஞ்ஞானி வேலைக்குத் தேர்வெழுதி, நேர்முகமும் முடித்து, ஆணை வரக் காத்திருந்தவள் அக்கா அவள்.

சார் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பாண்டீஸ்வரியைப் பார்த்தார். அவள் தலையை லேசாக இப்படி ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. பயந்துவிட்டாள் போலிருக்கிறது. சார் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு, “ஞாபகம் இல்லை” என்றார்.

ஞாபகம் இல்லையாம்! என் கண்ணைப் பார்க்க முடியவில்லை அவருக்கு. குற்றமுள்ள நெஞ்சு.

வெளியே வராந்தாவில் அந்தோணிராஜ் என் பக்கமாக வந்து, மெதுவாக, “நீங்க அன்னைக்குக் கொஞ்சம் பேசாம இருந்திருக்கலாம்மா” என்றார். ஒரு பெண் வாயைத் திறந்தால் இவர்களுக்கு எப்போதும் இதுதான். “அதத்தான் சார் காலங்காலமா எங்ககிட்ட சொல்லிட்டு வர்றீங்க” என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் அதற்கு மேல் நிற்கவில்லை.

சாரை வண்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு ஏதோ பிரிவில் உட்காரவைத்தார்கள். கொஞ்ச காலத்தில் அவரே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தென்காசிக்குப் போய்விட்டார். பாண்டீஸ்வரியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆவதற்கு நான் என்ன செய்தேன்?

அவள் விடுதி அறையைக் காலிசெய்த அன்று நான் கட்டிலில் உட்கார்ந்து, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். துணைவேந்தருக்கு ஒன்று, ஆய்வக இயக்குநருக்கு ஒன்று, மகளிர் ஆணையத்துக்கு ஒன்று. அவள் புடவைகளை மடித்துக்கொண்டே இருந்தாள்.

“விடுடி யாழு” என்றாள்.

“எப்படி விடறது?”

“அமுக்குனது என் விரலு. விடு.”

“அவர் சொல்லித்தானே அமுக்கினே? உனக்காகத்தான்டி நான் பேசறேன்.”

“எனக்காகத்தான்டி நானும் கேக்கறேன். ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்குப் பேசாம இரேன்.”

அவ்வளவு நொந்துபோயிருந்தாள். அந்த நிலையில் ஒருத்தி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியுமா? அவள் மனசுக்குள் போராடத்தான் சொல்கிறாள், வெளியே சொல்லத் தெரியவில்லை என்று நான் புரிந்துகொண்டேன். அன்று மாலையே மனுக்களை அனுப்பினேன்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் ஆனது. அவளை வாய்வார்த்தையாக எச்சரித்துவிட்டு, நிரந்தர வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று உள்ளுக்குள் ஒரு பேச்சு இருந்திருக்கிறது. சார்தான் போகும்முன் அலைந்து திரிந்து அதற்கு ஏற்பாடு செய்தார் என்றுகூடச் சொன்னார்கள். நான் நம்பவில்லை. என் மனுக்கள் போய்ச் சேர்ந்ததும், விஷயம் வெளியே போய்விட்டது, இனி முறைப்படிதான் செய்ய வேண்டும் என்று, ‘கட்டளையின்றி இயக்கினார்’ என்று அவள் கோப்பில் எழுத்திலேயே போட்டுவிட்டார்கள். ஆணை வரவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், எழுத்தில் வந்தால்தானே அதை எழுத்தில் எதிர்க்க முடியும்? வாய்வார்த்தையை எங்கே போய் எதிர்ப்பது?

என்ன அக்கா சொன்னீர்கள்? ‘விடும்மா’வா?

பார்த்தீர்களா, நீங்களும்! எங்கள் அம்மா சொன்னாள், என் ஆய்வு வழிகாட்டி சொன்னார், விடுதி வார்டன் சொன்னார். இந்த நாட்டில் அநியாயம் நடந்தால் எல்லோருக்கும் வாயில் வருகிற முதல் சொல் இதுதான். பரவாயில்லை, உங்களைச் சொல்லவில்லை. கொய்யாப்பழம் நன்றாக இருந்தது.

இப்போது அவள் சாத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறாள். நான் கூப்பிட்டால் போன் எடுப்பதில்லை. வேலைப்பளு. பையன்களின் விடைத்தாளைத் திருத்தவே நேரம் சரியாக இருக்கும். கோப்பில் அந்த ஒரு வரி இருக்கும்வரை அரசு ஆய்வகம் எதிலும் அவள் நுழைய முடியாது. அந்த வரி போக வேண்டுமென்றால் குற்றாலிங்கம் சார் ஒரு வாக்கியம் எழுதித் தர வேண்டும். ‘ஏவு என்ற பொருளில்தான் சொன்னேன்.’ அவ்வளவுதான். எத்தனை மின்னஞ்சல், எத்தனை குறுஞ்செய்தி! எதற்கும் பதில் இல்லை. அதனால்தான் நேரிலேயே போய்விட்டேன். காலையில் தென்காசியில் இறங்கி, விசாரித்து, வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன்.

மனிதர் லுங்கியும் பனியனுமாக ஸ்டூலில் ஏறி நின்று ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துக்கொண்டிருந்தார். கையில் சுத்தி, உதட்டில் இரண்டு ஆணி. என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது. கோபம் என்று சொல்ல முடியாது. மழை வருவதைப் பார்த்துக் கொடியில் கிடக்கிற துணியை நினைப்போமே, அப்படி. கையால் உட்காரச் சொன்னார். அவர் மனைவி வந்து, “வாம்மா. மெட்ராஸ்லருந்தா வார? ரெண்டு இட்லி சாப்பிடு மொதல்ல” என்றார்கள். நான் சாப்பிடப் போகவில்லையே.

நின்றுகொண்டே ஆரம்பித்தேன். இலக்கணத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒத்திகையில் அவர் எப்படியெல்லாம் ‘விடு’ சொன்னார் என்று நினைவுபடுத்தினேன். அவளிடம் ‘விடு’ என்றால் அதற்கு ஒரே பொருள்தான் என்று நிறுவினேன். அந்தப் பொருளை ஒப்புக்கொள்ளாத அவர் மௌனம் எப்படி ஒரு பெண்ணின் வாழ்க்கையை நாசமாக்கிவிட்டது என்று விளக்கினேன். இடையில் அவர் ஒரு ஆணியை எடுத்து அடித்தார். நான் குரலை உயர்த்தினேன். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். இன்னொரு ஆணி மட்டும் அவர் உதட்டிலேயே இருந்தது. அதை எடுத்தால் பதில் சொல்ல வேண்டிவரும் என்று எடுக்கவில்லை போலிருக்கிறது.

“பாண்டீஸ்வரி எப்படி இருக்கா?” என்று அவர் மனைவிதான் கேட்டார்கள். “போன வாரம் பேசும்போது காய்ச்சல்னு சொன்னாளே, சரியாயிட்டா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர்களிடம் பேசுகிறாளா? அவளை இப்படி ஆக்கியவரிடமா? அவ்வளவு வெகுளி அவள். அவளை ஏமாற்றி வைத்திருக்கிறார்கள். இதையும் அவளிடம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இப்போது சாத்தூர் போகிறேன். வீட்டு முகவரி எப்படியோ வாங்கிவிட்டேன்.

இந்தாருங்கள் அக்கா, மடவார்விளாகம் கோபுரம் தெரிகிறது. உங்கள் இடம் வந்துவிட்டது. பையை நான் எடுத்துத் தருகிறேன், நீங்கள் எழுந்திருங்கள். அவர் சொன்ன பதிலை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள். இதற்கு என்ன பொருள் என்று நானும் அவர் வீட்டு வாசலிலிருந்து யோசித்துக்கொண்டே வருகிறேன், பிடிபடவில்லை. பேச்சை மாற்றுகிறார் என்று மட்டும் தெரிகிறது.

கடைசியாக நான் நேரடியாகவே கேட்டேன். “சார், கமிட்டி கேட்ட அதே கேள்விதான். அன்னைக்கு நீங்க சொன்ன ‘விடு’வுக்கு என்ன அர்த்தம்? ஏவுன்னா, நிறுத்துன்னா? அதுக்கு அப்புறம் என்னமோ சொன்னீங்களே, அது என்ன? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, நான் போயிடறேன்.”

ஸ்டூலிலிருந்து இறங்கினார். உதட்டிலிருந்த ஆணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கோபமே இல்லை அக்கா, அதுதான் எனக்கு எரிச்சல். ரொம்பக் களைத்த குரலில் சொன்னார்.

“விடும்மா. அன்னைக்கும் ஒங்கிட்டதான் சொன்னேன்.”